பகலில் அந்த மலை

சமையலறை மேசையில் வரைபடம் முழுசாய் விரியவில்லை.
கிளந்தான் விளிம்புக்கு வெளியே தொங்கியது.
காற்றாடிக்குப் பறக்காமல் இருக்க
மிளகாய்த்தூள் டப்பாவைக் கிழக்குக் கரைமேல் வைத்தேன்.
ஜெராண்டுட்டில் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தது.
"அங்க வெள்ளமா அம்மா?" என்றாள் ஷர்மிதா.

வசந்தம் என்று இவள் பாடப் புத்தகத்தில் ஒரு பருவம் இருக்கிறது.
செந்தூல் அடுக்குமாடிக்கு அது ஏறி வந்ததில்லை.
எங்களுக்கு மழை,
அப்புறம் மழை விட்ட மார்ச்.
பள்ளி விடுமுறையும் பல் கிளினிக்கில் எனக்குக் கிடைத்த விடுப்பும்
ஐந்து நாள் ஒட்டிக்கொண்டன.
நோட்டில் அதற்குத்தான் வசந்தம் என்று தலைப்புப் போட்டேன்.

காராக் வழியாகக் கோலா தாஹான், இரண்டு இரவு.
காட்டுக்குள் நுழைய ஆளுக்கு ஒரு வெள்ளி,
கேமராவுக்கு ஐந்து வெள்ளி.
(கண்ணுக்கு இன்னும் விலை வைக்கவில்லை.)
பிறகு லிப்பிஸ், குவா மூசாங்,
லோஜிங் ஏறி கேமரன்,
சிம்பாங் பூலாயில் இறங்கி வீடு.
பழைய சாகாவுக்கு இரண்டு டயர் மாற்றினால்
தங்குவதற்கு மிஞ்சுவது முந்நூற்று எண்பது.
ஒரு டயர் மாற்றினால்
காலைச் சாப்பாட்டோடு அறை.

தவநேசன் குளித்துவிட்டு வந்து
தலை துவட்டியபடி எட்டிப் பார்த்தார்.
பதினோரு வருடமாகக் கம்போங் ராஜாவிலிருந்து
செலாயாங் பசாருக்கு முட்டைக்கோஸ் ஏற்றி வருகிறவர்.
நடுவில் இரண்டு வருடம் கோத்தா பாரு லோடும் ஓட்டினார்.
"அங்க என்னா இருக்கு பாக்க?
வளைவுதான் இருக்கு" என்றார்.
எந்த வளைவில் பிரேக் சூடாகும்,
எந்தக் கடையில் மூன்று மணிக்கும் மைலோ கிடைக்கும்,
எங்கே போன் செத்துப்போகும்,
எல்லாம் ஒப்பித்தார்.
நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"தாப்பிர் இருக்குமாப்பா?"
ஷர்மிதாவுக்கு மலையும் வேண்டாம், ஆறும் வேண்டாம்.
முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளை,
பாதி வரைந்துவிட்டு அழித்த மாதிரி ஒரு மிருகம்,
அது போதும் அவளுக்கு.

அவர் துண்டைத் தோளில் போட்டார்.
"இருக்கும்" என்றார்.
பென்சிலை என் கையிலிருந்து வாங்கி
லிப்பிஸுக்கும் குவா மூசாங்குக்கும் நடுவே
நான் எழுதியிருந்த 'இரவு 8' ஐ அடித்தார்.
ஒரு தடவை இல்லை. தாள் கிழியும்வரை.
"இந்த ரோட்டை ராத்திரியில ஓட்ட வேணாம்."

நான் கேட்கவில்லை.
ஒரு விடியலில் லோரியின் முன்பக்கத்தை
இவர் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தது,
இரண்டு நாள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தது,
அந்த மாதத்தோடு கோத்தா பாரு லோடை விட்டது,
மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து
அந்தக் கிழிசலில் நின்றன.

"அப்ப பகல்ல போவோம்" என்றேன்.
"லிப்பிஸ்ல ஒரு ராத்திரி தங்கணும். டயர் ஒண்ணுதான் மாத்த முடியும்."
"டயர் ரெண்டும் மாத்தணும்."
"காசு?"
"ரெண்டு டிரிப் கூட ஓட்டுறேன்."
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்:
"லோஜிங் ஏறும்போது இடது பக்கம் ஒரு மலை வரும்.
இருட்டுல அதோட வளைவு தெரியும்,
நட்சத்திரம் இல்லாத இடந்தான் மலை.
பகல்ல அது என்னா நெறம்னு
எனக்குத் தெரியாது."

ஒன்பதே காலுக்குக் கிளம்பிப் போனார்.
நான் எண்ணெய்க் கணக்கைத் திரும்பப் போட்டேன்.
லிப்பிஸில் அறை தேடினேன்,
மழைச்சட்டை மூன்று, அட்டைக்கு உப்பு,
வாந்திக்குப் பிளாஸ்டிக் பை,
எழுதியபடியே வரைபடத்தின்மேல் தூங்கிப்போனேன்.

நள்ளிரவு தாண்டி போன் அதிர்ந்தது.
அவரிடமிருந்து ஒரு படம். எழுத்தே இல்லை.
முழுக் கறுப்பு.
பெரிதாக்கிப் பார்த்தேன், இன்னும் பெரிதாக்கினேன்.
மேலே கொஞ்சம் நட்சத்திரம் மாதிரி.
கீழே, இடது மூலையில்,
டாஷ்போர்டு வெளிச்சத்தில் சிவந்த
அவர் கட்டைவிரல்.